திருகுத் தண்டுக்கு வைத்த பொட்டு

பால் ஸ்க்ரூ ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. வாங்குவதற்கு அல்ல, எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு மட்டும். அதற்குள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்துப் பந்தலும் பிரித்துவிடலாம். அந்த ஏழு மாதமும் நான் ஏதோ பெரிய வேலையில் இருக்கிறேன் என்று ஆபீசில் நம்பினார்கள், அக்கம்பக்கத்தில் நம்பினார்கள், நானும் நம்பினேன். என் மனைவி மட்டும் நம்பவில்லை.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். பளபளவென்று ஓர் எஃகுத் தண்டு. அதைச் சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். தண்டின் மேல் ஒரு நட்டு. சாதாரண போல்ட்டில் மரையும் மரையும் உரசிக்கொண்டு நகரும். இதில் நட்டுக்குள்ளே சிறிய எஃகுக் குண்டுகள் இருக்கும், சைக்கிள் கடையில் பால்ரஸ் என்பார்களே, அதே சாதி. தண்டு சுழன்றால் குண்டுகள் பள்ளத்தில் உருளும், நட்டு வழுக்கிக்கொண்டு போகும். ஆட்டம் இருக்காது. ஆட்டம் என்றால், தண்டை ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்பும்போது நட்டு கொஞ்ச நேரம் அசையாமல் சும்மா கிடக்குமே, அந்த இடைவெளி. கணினி சொன்னபடி மரத்தையும் பித்தளையையும் தானாக வெட்டும் இயந்திரம் ஒன்றை நான் வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தேன். சிஎன்சி என்பார்கள். அதற்கு இந்தத் தண்டுதான் உயிர்.

எதற்காகக் கட்டினேன் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. கிரிவல ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக எழுந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. அங்கேயே ஓர் அரசாங்க ஆபீசில் எனக்கு வரைவாளர் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு வாய்க்காலுக்கும் கல்வெர்ட்டுக்கும் படம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே பெண். இரண்டாம் வகுப்பு படித்தாள். ஓர் ஆவணி மாதம் மூன்று நாள் காய்ச்சல். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டியதும் போய்விட்டாள்.

இதை எனக்கு இப்படித்தான் சொல்ல வரும். ஊரையும் தூரத்தையும் நாளையும் சொல்வேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் இப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. என் மனைவி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். ஷாமியானாக்காரர் தம் நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப்போனபோது எண்ணிக்கை சரியாக இருந்தது. அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுகை பிறகு வரும் என்று இருந்தேன். வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தக் காய்ச்சலின் பெயரைத் தட்டிப் பார்த்து, எந்த இடத்தில் நாங்கள் பிசகினோம் என்று தெரிந்துகொள்வது எண்ணம். பெயரைத் தட்டினேன். தேடு என்று சொல்லும் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. பின்னால் ஆள் காத்திருந்தார், என் முதுகைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. பெயரை அழித்துவிட்டு, டிப்ளமோ காலத்து ஞாபகத்தில் சிஎன்சி என்று தட்டினேன். எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் கார் ஷெட்டில் ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு ஆணியையும் படம் பிடித்துப் போட்டிருந்தார். படங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக இறங்கின. கடைசிப் படம் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கே போனீர்கள் என்று மனைவி கேட்டாள். ஒரு மெஷின் கட்டப்போகிறேன் என்றேன்.

மெஷினின் இரும்புச் சட்டம் ஒரு மாதத்தில் தயார். தகடும் சேனலும் வெல்டிங் பட்டறையில் கிடைத்தன. கூடத்தில், பீரோவுக்குப் பக்கத்தில், பெண்ணின் படிப்பு மேசை இருந்த மூலைதான் அளவுக்குச் சரியாக இருந்தது. மேசையை மடித்துப் பரணில் ஏற்றிவிட்டு இயந்திரத்தை அங்கே நிறுத்தினேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் திருகுத் தண்டு. ஒரு நோட்டுப் போட்டேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரை போட்ட கம்பி முதல் பக்கம்; ஆட்டம் அதிகம், தள்ளுபடி. பட்டையான மரை வெட்டிய தண்டு இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்திலிருந்து பால் ஸ்க்ரூ, அது முடியவே இல்லை. உருட்டி எடுத்ததா, சாணை பிடித்ததா? பதினாறு மில்லி கனமா, இருபதா? ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லி நகர்வதா, பத்து மில்லியா? ஐந்து என்றால் நுணுக்கம், பத்து என்றால் வேகம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒல்லியான தண்டு வேகமாகச் சுற்றினால் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் துள்ளும். கனமான தண்டு துள்ளாது, ஆனால் மோட்டார் திணறும். மோட்டாரைப் பெரிதாக்கினால் சட்டம் தாங்குமா? சட்டத்தை மாற்றினால் நீளம் மாறும், நீளம் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

மேலும் கீழும் போகிற அச்சுக்கு மட்டும் ஒரே நாளில் முடிவு செய்தேன். பால் ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் கிடையாது. கரண்ட் போனால், மேலே நிற்கும் கனமான வெட்டும் தலை தன் எடையிலேயே சரசரவென்று கீழே இறங்கிவிடும். எங்கள் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் அந்த அச்சுக்கு மட்டும் பட்டை மரைத் தண்டு. அது உரசிக்கொண்டு நகர்வதாலேயே நின்ற இடத்தில் நிற்கும். மற்ற இரண்டும் படுக்கை அச்சுகள். எதை வாங்கினாலும் கெடுதல் இல்லை. கெடுதல் இல்லாததால்தான் என்னால் ஒன்றை எடுக்க முடியவில்லை என்று இப்போது புரிகிறது. எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும், வேலை முடிந்தால் கூடத்தில் நானும் அவளும் உட்கார வேண்டும். எனக்கு அது பயமாக இருந்தது.

தேரடி வீதிக்குப் பின்னால் பேரிங் கடை வைத்திருந்த பாயிடம் வாரம் ஒருமுறை போவேன். பம்ப்செட் பேரிங்தான் அவர் வியாபாரம், ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எதையும் வரவழைத்துவிடுவார். எனக்காக இரண்டு கேட்டலாக் வாங்கி வைத்திருந்தார். நான் போனால் டீ சொல்வார். நான் கேட்கும் கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டுப் பதில் வாங்கித் தருவார். பதில் கிடைத்ததும் நான் வேறொரு கேள்வி கேட்பேன். நாலைந்து மாதம் பொறுத்திருந்து, ஒருநாள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, கோபம் இல்லாமல் சொன்னார்.

“சார், நான் கடையில இத்தன வருஷமா பாக்கறேன். வாங்க வந்தவங்க கேள்வி கம்மியா கேப்பாங்க. நீங்க வாங்க வரல. வேற எதுக்கோ வர்றீங்க. வாங்க, உக்காருங்க, அது பரவால்ல. கேட்டலாக் மட்டும் வேணாம்.”

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு என்ன தெரியும் என்று வீம்பாக மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டலாக்கையும் திருப்பித் தரவில்லை.

ஆவணி வந்து வருஷம் திரும்பியது. துக்கம் நடந்த வீடு என்று அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை, கார்த்திகைத் தீபம் இல்லை, வாசலில் பெரிய கோலம் இல்லை. வருஷம் முடிந்த அந்த வாரம் ஒரு சாயங்காலம், கேட்டலாக்கில் ஐந்து மில்லிப் பக்கமும் பத்து மில்லிப் பக்கமும் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

“தீபம் முடிஞ்சதும் நான் ஆரணிக்குப் போறேங்க. அண்ணன் வேல பாக்கற ஸ்கூல்ல டீச்சர் வேணுமாம். உங்க மேல கோவமில்ல. இந்த வீட்ல நான் யார்கூட இருக்கறேன்னு தெரியல, அவ்ளோதான்.”

கல்யாணத்துக்கு முன்பு அவள் டீச்சர். போகிறவள் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்றுகூடச் சொல்வேன்: தண்டின் இரு முனைகளையும் தாங்கும் பேரிங் கட்டைகள். இதைப் படிக்கிறவர் என்னைத் திட்டலாம். நானே பல தடவை திட்டிவிட்டேன்.

மறுநாள் பாயிடம் போய், பதினாறு மில்லி கனம், ஐந்து மில்லி நகர்வு, உருட்டி எடுத்த ரகம், ஒரு மீட்டரில் ஒன்று, அறுபது சென்டிமீட்டரில் ஒன்று என்று ஐந்து நிமிடத்தில் சொன்னேன். அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள், நானும் ஒன்று எடுக்க வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ. பாய் எழுதிக்கொண்டார். கேலி செய்யவில்லை. டீ சொன்னார்.

பார்சல் பௌர்ணமி அன்று வந்து தொலைத்தது. ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம், ஆட்டோ ஒன்றுகூட உள்ளே வரவில்லை. துணி சுற்றிய நீளக் குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடந்தேன். என்னைப் பார்த்ததும் ஜனங்கள் வழிவிட்டார்கள். எந்தக் கோயிலுக்கு வேல் சாத்தப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஓர் அம்மாள் குழாயின் நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. கும்பிட்டால் ஸ்க்ரூவுக்கு என்ன கெடுதல்? வேறு சமயமாக இருந்தால் வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று சொல்லவில்லை.

தண்டுகளைப் பொருத்த மூன்று வாரம் ஆயிற்று. எல்லாம் நேர்க்கோட்டில் அமைந்தன. மோட்டாரைத் தட்டியதும் மரத்தை வைக்கும் மேடை சத்தமில்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. ஏழு மாதம் கனவு கண்ட காட்சி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அன்று கடைக்கு நடந்து போய், பொரியும் கடலையுமாகப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். கூடம் கழுவி விட்டிருந்தது. வாசலில் கோலம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாகச் செய்யும் பூஜை. தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு, என் ஸ்கூட்டருக்கு ஒரு பொட்டு, அருவாமனைக்கும் கத்திரிக்கோலுக்கும் ஒவ்வொரு பொட்டு. என் இயந்திரத்தின் நான்கு காலிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். மோட்டார்களுக்கு ஒவ்வொரு பொட்டு. மேலும் கீழும் போகும் பட்டை மரைத் தண்டுக்கு ஒன்று. ஆனால் அந்த இரண்டு பால் ஸ்க்ரூக்களுக்கும், நான்கு விரல்கடைக்கு ஒன்றாக, நுனியிலிருந்து நுனிவரை சந்தனம் குழைத்து வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டிருந்தாள். எண்ணினேன். பெரியதில் பதினொன்று, சிறியதில் ஏழு. ஒரு பொட்டுகூடப் பிசகவில்லை, எல்லாம் ஒரே வரிசை. நான் ஏழு மாதமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பால் ஸ்க்ரூவுக்குத் தூசி ஆகாது. ஒரு மணல் துணுக்கு நட்டுக்குள் போனாலே குண்டுகள் மக்கர் செய்யும். இதை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தவன் நான். ஆனால் பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது, பொட்டையும் அழிக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து ஒருமுறையாவது வேலை செய்ய வேண்டும். அதுதான் எல்லார் வீட்டிலும் வழக்கம். அவள் கற்பூரம் காட்டினாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் சந்தனம் நன்றாகக் காய்ந்து தண்டின் பள்ளத்தில் இறுகியிருந்தது. அவள் தையல் மெஷினில் ஒரு துண்டுத் துணியை வைத்து நாலு தையல் ஓட்டினாள். நான் ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அவ்வளவில் விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, அவள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, இதையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்றாள். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

துடைத்துவிட்டு ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் கழித்து அவள் வைத்த பொட்டை, அவள் கண்ணெதிரே துணியால் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சுவிட்சைப் போட்டேன். மேடை ஒருமுறை போய் வந்தது. இரண்டாம் முறை கரகரவென்றது. மூன்றாம் முறை பாதி வழியில் சிக்கிக்கொள்ள, மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமியது. அணைத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கிரீஸ் போட வேண்டும் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, சந்தனத்தின் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் எனக்குள் வந்த முதல் சூடு அது. நட்டைத் தண்டிலிருந்து கழற்றுவதென்றால், அதே கனத்தில் ஒரு குழாயை முனையில் வைத்து, குண்டுகள் கொட்டாதபடி நட்டை அதன் மேல் நகர்த்த வேண்டும். குழாயைத் தேடும் பொறுமை எனக்கு இல்லை. பேரிங் கட்டையைப் பிடுங்கி, நட்டை வெறும் கையால் முறுக்கி இழுத்தேன். குண்டுகள் அத்தனையும் தரையில் கொட்டி, கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் நாலா பக்கமும் ஓடின.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள். குண்டுகளில் குங்குமம் ஒட்டி அவள் விரல் சிவந்தது. அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். கொஞ்சம் பீரோவுக்கு அடியில் போயிருந்தன. விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. பீரோவை நகர்த்த வேண்டும் என்றேன்.

“நீங்க இந்தப் பக்கம் பிடிங்க. அந்தக் கால் ஆடும், அத நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அந்த பீரோ அவளோடு சீராக வந்தது. அதன் கால் ஆடும் என்பது எனக்குத் தெரியாது. நகர்த்தினோம். அடியில் ஏழெட்டுக் குண்டுகள் கிடந்தன. வேறு ஒன்றும் இல்லை. ஒட்டடை இல்லை, தூசி இல்லை. எங்கள் வீடு ரோட்டோரம், ஒரு வாரம் விட்டால் விரல்கடை மண் சேரும். பீரோவின் அடி கூடத்தின் நடுவைப் போலச் சுத்தமாக இருந்தது. எப்படி என்று கேட்டேன்.

“மாசம் ஒரு தடவ நகத்துவேங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம்.”

எதற்கு என்றேன். அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அவ சாமான் எதுனா உருண்டு வந்து கெடக்குமான்னு பாக்கத்தான். மொத மாசம் ஒரு ஹேர்பின் கெடச்சுது. அப்புறம் ஒண்ணுமே இல்ல.”

“அப்புறமும் நகத்துனியா?”

“ம்.”

இரும்பு பீரோ. தனி ஆளாக. பன்னிரண்டு மாதம். நான் பதினாறு மில்லியா இருபது மில்லியா என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் இதை ஒரு பக்கம் தூக்கி, ஆடும் காலுக்கு முட்டுக்கொடுத்து, வெறும் தரையைப் பார்த்துவிட்டு, பெருக்கி, திரும்பவும் தள்ளி வைத்திருக்கிறாள். நான் ஆபீசிலிருந்து வந்து அதே பீரோவில் சட்டையை மாட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, தொடவும் இல்லை. நான் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு குண்டாக முந்தானையில் துடைத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஹேர்பின் எங்கே என்று கேட்டேன். பீரோவில்தான், தன் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன் என்றாள். என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றாள். எனக்கு அந்தப் பச்சை நினைவுக்கு வந்தது.

நட்டுக்குள் எத்தனை குண்டு இருந்தது என்று கேட்டாள். அறுபத்து நான்கு என்றேன். நிதானமாக இரண்டு தடவை எண்ணினாள். ஒன்று குறைந்தது. பரவாயில்லை, பாய் கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவள் குனிந்து, தரையில் கன்னம் படக் கூடத்தின் மூலைகளையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தாள்.

“எங்க போயிடும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கறப்ப கெடைக்கும். அப்ப ரெண்டு பேருமா நகத்திப் பாக்கலாம்.”

தீபத்துக்கு அப்போது ஒன்றரை மாதம் இருந்தது. பொங்கல் அதற்கும் பிறகு, தையில். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பீரோவின் ஆடுகிற கால் பக்கம் போய் நின்றேன்.